வகுப்புத் தலைவர் பதவி கொடுத்தால் தலைமைப் பண்பு வந்துவிடுமா? (ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பற்றி)

ஏழாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினோரு வருடமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த வருடம் ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. கொஞ்ச நாளாக ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வருடத் தொடக்கத்தில் வகுப்புத் தலைவர் தேர்தல் வைத்தேன். வாக்குச்சீட்டு, பெட்டி என்று எல்லாம் முறையாகவே நடந்தது. எல்லோருக்கும் பிடித்த, நன்றாகப் பேசுகிற ஒரு பையன் ஜெயித்தான். நல்ல பையன்தான். ஆனால் நான் அவனுக்குக் கொடுத்த வேலை என்ன? நான் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. ஒரு நாள் ஸ்டாஃப் ரூமிலிருந்து திரும்பி வந்தபோது கதவுக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பலகையில் ஆறு பெயர். அதில் ஒன்றைக் கையாலேயே அழித்தான். அவன் பக்கத்தில் உட்காருகிற நண்பனின் பெயர் அது. சாக்பீஸ் பொடி இழுபட்டு, பெயர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம் நின்றது. மற்ற ஐந்து பேரும் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அதே வாரம் அறிவியல் கண்காட்சிக்கு முந்தைய நாள், ஒரு குழு செய்து வைத்திருந்த எரிமலை மாதிரி கீழே விழுந்து உடைந்துவிட்டது. ஒருத்தி அழுதாள், இரண்டு பேர் "நீதான் தள்ளினாய்" என்று சண்டை. அந்தக் குழுவில் எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, "உடையாததை எல்லாம் முதலில் இந்தப் பக்கம் எடுத்து வைப்போம்" என்றாள். அப்புறம் ஒவ்வொருவரிடமும், "உனக்கு எது செய்ய வரும்?" என்று கேட்டாள். அரை மணி நேரத்தில் ஐந்து பேரும் தலை குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தேர்தலில் அவள் நிற்கவே இல்லை. நிற்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இந்த இரண்டு காட்சிகளும் என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. நான் எங்கே தவறுகிறேன்? உங்கள் வகுப்பில், வீட்டில் என்ன செய்கிறீர்கள்?


கணக்கு வாத்தியார் எழுதியது:

டீச்சர், நீங்கள் அந்தப் பையனுக்குக் கொடுத்தது தலைமைப் பொறுப்பே கிடையாது. உங்கள் காவல் வேலையில் ஒரு பங்கைக் கொடுத்தீர்கள். நானும் பல வருடம் இதையேதான் செய்தேன். அதனால் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கும்முன் இப்போது ஒன்றை மட்டும் யோசிக்கிறேன்: இவன் இதைச் செய்யாமல் விட்டால் உண்மையிலேயே ஏதாவது நின்றுபோகுமா, அல்லது நானே போய்ச் சரிசெய்துவிடுவேனா? நானே சரிசெய்துவிடுவேன் என்றால் அது வேலையே இல்லை, நடிப்பு. பிள்ளைகளுக்கு அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.


ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பதவியையும் பேட்ஜையும் ஒரேயடியாகத் தூக்கிப் போட வேண்டாம். சட்டையில் பேட்ஜ் குத்திய அன்று முதுகு நிமிர்ந்து நடந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரும் பொருட்படுத்தாத ஒரு பிள்ளைக்கு அந்தச் சின்னத் தகடு பெரிய விஷயம்.

என் தவறு வேறு இடத்தில் இருந்தது. முதல் மதிப்பெண் வாங்குகிறவரைத்தான் தலைவராகப் போடுவேன். இருபது வருடத்துக்கும் மேல் அப்படியே செய்தேன். படிப்பில் முதலாவதாக வருகிற பிள்ளைக்குத் தானே செய்து முடிப்பது சுலபம். அடுத்தவரைச் செய்ய வைப்பது பல நேரம் அவர்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். அதைக் கண்டுகொள்ளவே எனக்கு அவ்வளவு காலம் ஆயிற்று. பதவி இருக்கட்டும். அதற்குள் என்ன வேலை வைக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம், எத்தனை நாளைக்குக் கொடுக்கிறோம் என்பதை மாற்றுங்கள்.


பள்ளி ஆலோசகர் எழுதியது:

டீச்சர், கதவுக்கு வெளியே நின்று நீங்கள் பார்த்தீர்களே, அதே கேள்வியைத்தான் 1939-இல் வெளிவந்த ஒரு பழைய ஆய்வும் கேட்டது. கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் என்ற மூவர் அமெரிக்காவின் அயோவாவில் செய்தது. பத்து வயதுப் பையன்களை ஐந்தைந்து பேராகச் சேர்த்து, கைவேலை செய்யும் மன்றங்களாக நடத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர். ஒருவர் எல்லாவற்றையும் தானே முடிவுசெய்து ஏவுவார். ஒருவர் பையன்களோடு பேசி முடிவெடுப்பார். இன்னொருவர் எதிலும் தலையிடாமல் சும்மா இருப்பார். ஏவுகிறவர் இருக்கிறவரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் அறையை விட்டு வெளியே போனதும் படுத்துவிட்டது. பேசி முடிவெடுத்த குழுவில் பெரியவர் வெளியே போனாலும் வேலை ஏறக்குறைய அப்படியே ஓடியது. சும்மா இருந்தவரின் குழுவில் வேலையும் நடக்கவில்லை, பிள்ளைகளுக்கும் அது பிடிக்கவில்லை.

சின்ன ஆய்வு, அதிலும் பையன்கள் மட்டும். ஆனாலும் மூன்றாவது குழுவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். "சுதந்திரம் கொடுத்துவிட்டேன், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்கிற ஆசிரியர்களும் பெற்றோரும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அது கைகழுவுவது.

இன்னொன்று, இந்த வயது பற்றி. பதினொன்றிலிருந்து பதினான்கு வரை, எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற உணர்வு பிள்ளைகளை ஆட்டிப்படைக்கிறது. உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்றே பெயர் வைத்தார். ஐந்தாம் வகுப்பில் பட்டென்று கை தூக்கிய பிள்ளை ஏழாம் வகுப்பில் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நண்பர்கள் பக்கத்தில் இருக்கிறார்களா என்பதும் பெரிய வித்தியாசம். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுள்ளவர்கள் தனியாக ஆடியதைவிட, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

உங்கள் பையனை இதை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில், உயிர்நண்பன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவனுக்கே தீர்ப்பு எழுதச் சொல்லியிருக்கிறோம். பெரியவர்களே திணறுகிற இடம் அது. அவன் கெட்ட பையன் இல்லை. சகமாணவர்களைத் தண்டிக்கிற வேலையை இந்த வயதில் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.


இருவரின் அம்மா எழுதியது:

நான் ஆசிரியை இல்லை, பெற்றோர். என் மூத்தவன் எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் நேர் எதிர்ப் பிரச்சினை. குழு ப்ராஜெக்டில் அவனைத் தலைவராகப் போட்டுவிட்டார்கள். இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து நான்கு பேர் வேலையையும் ஒருவனே செய்தான். சார்ட்டில் கோடு போட்டு, தலைப்பு எழுதி, மற்ற மூவர் படிக்க வேண்டியதையும் இவனே தாளில் எழுதி வைத்தான். ஏன் என்று கேட்டால், "அவங்க சரியா செய்ய மாட்டாங்கம்மா, மார்க் போயிடும்" என்கிறான்.

எல்லோரும் "என்ன பொறுப்பான பிள்ளை" என்று பாராட்டுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படியே போனால் யாரையும் நம்பாத மனிதனாகிவிடுவானோ என்று.


கணக்கு வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பிள்ளையிடம் பாதிதான் தவறு, மீதி அந்த ப்ராஜெக்டில் இருக்கிறது. ஒருவரே செய்து முடிக்கக்கூடிய வேலையை நான்கு பேருக்குக் கொடுத்தால், யார் அக்கறையானவரோ அவர் தலையில் விழும். இது எந்த வகுப்பிலும் நடப்பதுதான்.

உளவியலாளர் எலியட் அரான்சன் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய முறை ஒன்று உண்டு. பாடத்தைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டு மட்டும் கொடுப்பார்கள். வெவ்வேறு குழுவில் ஒரே துண்டை வைத்திருப்பவர்கள் முதலில் சேர்ந்து படித்துவிட்டு, தங்கள் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். அந்தத் துண்டு வேறு யாரிடமும் கிடையாது. அதனால் மெதுவாகப் பேசுகிறவனுக்கும் மற்றவர்கள் காதுகொடுத்தே ஆக வேண்டும். நான் புள்ளியியல் பாடத்தில் இதைச் செய்கிறேன். முதல் இரண்டு முறை குளறுபடிதான். மூன்றாவது முறை, நன்றாகப் படிக்கிற ஒரு பெண் தன் குழுவில் திணறிக்கொண்டிருந்தவனிடம், "நீ அவசரப்படாம சொல்லு, உன்கிட்டதான் அது இருக்கு" என்றாள். அந்த வாக்கியத்தை நான் சொல்லித்தரவில்லை.

வீட்டில் நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த ப்ராஜெக்ட் வந்ததும், "நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்காமல், "யார் யார் என்ன செய்யப் போகிறார்கள்?" என்று கேளுங்கள். வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் ஒரு கைத்தொழில்தான், அவனுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். "நீ படம் வரை" என்றால் போதாது. என்ன படம், எந்த அளவு, எப்போது வேண்டும், நடுவில் ஒரு முறை எப்போது பார்த்துக்கொள்வது, இந்த நான்கும் முதலிலேயே பேசப்பட வேண்டும். அப்புறம் அவன் கேட்க வேண்டிய கேள்வி: "இதைச் செய்ய உனக்கு என்ன வேண்டும்?" பாதி நேரம், செய்யாத பிள்ளைக்கு எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியாமல் இருக்கும்.

படம் கோணலாக வந்தால் வரட்டும். அதைத் திருத்தி வரையாமல் அப்படியே ஒட்டுவது உங்கள் மகனுக்குக் கஷ்டமாக இருக்கும். கைகட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும்.


அமைதியானவன் எழுதியது:

டீச்சர், எரிமலையை எடுத்து வைத்த அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் அந்த மாதிரிப் பிள்ளையாக இருந்தவன். ஆறாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் நல்ல எண்ணத்தோடு என்னை மேடையில் ஏற்றி, "இன்று முதல் இவன்தான் தலைவன், பேசு" என்றார். மைக் முன்னால் நின்று ஒரு வார்த்தை வரவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பில் வேறொரு ஆசிரியர் பள்ளி நாடகத்துக்கு மேடைக்குப் பின்னால் பொருள்கள் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். எந்தக் காட்சியில் எது வேண்டும், யார் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருவார்கள் என்று பட்டியல் எழுதினேன். எனக்குக் கீழே மூன்று பேர். இருட்டில் சைகையால்தான் பேசிக்கொள்வோம். நாடகம் முடிந்ததும் கதாநாயகனாக நடித்தவன் வந்து, "நீ இருக்கேன்னு தைரியமா போனேன்டா" என்றான். அந்த வயதில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து அதுதான்.

அதனால் அவளை அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அன்று அவள் என்ன செய்தாள் என்பதைத் தனியாகக் கூப்பிட்டு, அவளிடம் சொல்லுங்கள். "நீ நல்ல பெண்" என்று பொதுவாகச் சொல்லாமல், "உடையாததை முதலில் எடுத்து வைக்கலாம் என்றாய், அதனால்தான் சண்டை நின்றது" என்று நடந்ததைச் சொல்லுங்கள். தான் செய்ததற்குத் தலைமை என்று பெயர் இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.


பள்ளி ஆலோசகர் எழுதியது:

மேலே நண்பர் சொன்னது என் மனதைத் தொட்டுவிட்டது. அதோடு ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நேரம் காத்திருக்கிறோம் என்று கவனியுங்கள். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். குழுக் கூட்டத்தை நடத்தும் பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தரலாம். "யாருக்காவது வேறு யோசனை இருக்கா?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். பன்னிரண்டு வயதுக்காரருக்கு அந்த ஐந்து எண்ணிக்கை ஒரு யுகம் மாதிரி இருக்கும். ஆனால் பழகிவிடுகிறார்கள்.


விளையாட்டு ஆசிரியர் எழுதியது:

மைதானத்திலிருந்து இரண்டு விஷயம்.

முதலாவது, குழுவின் அளவு. நாற்பது பேருக்கு ஒரு தலைவன் என்றால், அந்தப் பிள்ளையால் அதட்டத்தான் முடியும். ஐந்தாறு பேர் என்றால் பேச முடியும், யார் வரவில்லை, யாருக்குக் காலில் அடி, யார் கோபமாக இருக்கிறார்கள் என்று தெரியும். 1907-இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே சுமார் இருபது பையன்களை நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அவர்களிலேயே ஒருவனைத் தலைவனாக்கினார். அந்த இயக்கம் இன்றுவரை அந்தச் சின்ன அணியை விடவில்லை. காரணம் புரிந்துகொள்ள மைதானத்தில் ஒரு மணி நேரம் நின்றாலே போதும். நான் மூன்று வாரத்துக்கு ஒரு முறை அணித்தலைவரை மாற்றுகிறேன். ஒரு வாரம் போதாது, அது முறைக்கு வந்துபோவது மாதிரி ஆகிவிடும். ஒரு முறையாவது சொதப்பி, அதைச் சரிசெய்யவும் நாள் வேண்டும்.

இரண்டாவது, பெண்பிள்ளைகள். ஒரே வார்த்தையைச் சொன்னால் பையனை "தலைவன் மாதிரி பேசுறான்" என்பார்கள், பெண்ணை "வாயாடி" என்பார்கள். "நீ அந்தப் பக்கம் போய் நில்லு" என்று மைதானத்தில் கத்துவது இருவருக்கும் ஒரே வேலை. வாயாடி, ராங்கி, ஆட்டிப்படைக்கிறாள் என்ற வார்த்தைகளைப் பிள்ளைகள் மட்டுமில்லை, நாமும் ஸ்டாஃப் ரூமில் சொல்கிறோம். நான் சொல்லியிருக்கிறேன், இப்போது நிறுத்திவிட்டேன். அதே மாதிரி குழுக் கூட்டத்தில் குறிப்பு எழுதுவது எப்போதும் கையெழுத்து அழகாக இருக்கும் பெண்ணிடமே போகிறது. எழுதுகிறவளுக்குப் பேச நேரமில்லை. நோட்டையும் சுற்றில் விடுங்கள்.


நூலகப் பொறுப்பாளர் எழுதியது:

டீச்சர், செய்து பார்க்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஆறு வருடமாக நடக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரு பீரியட், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போய்க் கதை வாசிக்கிறார்கள். பெரிய பிள்ளை ஒருவர், சின்னப் பிள்ளை ஒருவர், ஜோடி ஜோடியாக. இதில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தான் எல்லாம்: புத்தகம் தேர்ந்தெடுப்பது, யாருக்கு யார் என்று முடிவுசெய்வது, இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் நேரம் கேட்பது. நான் அலமாரிச் சாவியைக் கொடுப்பதோடு சரி.

ஒரு பையன் இருந்தான். அவனுக்கே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்று வெளியே போய்விடுவான். இந்த வேலை வந்ததும் முந்தின நாள் மதியம் நூலகத்துக்கு வந்தான். பதினாறு பக்கப் படக்கதை. மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அதையே ஐந்து முறை வாசித்தான். நான்காவது முறை, சிங்கத்துக்கு ஒரு குரலும் எலிக்கு ஒரு குரலும் வைத்துப் பார்த்தான். மறுநாள் அவன் ஜோடிக் குட்டி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, "இன்னொரு வாட்டி அண்ணா" என்று. அவன் வகுப்பில் அவனைவிட நன்றாக வாசிப்பவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். அந்தக் குட்டிக்கு இவன்தான் அண்ணன்.

தன் வயதுக்காரர்களுக்கு நடுவில் தலைதூக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு, தன்னைவிடச் சின்னவர்களிடம் பொறுப்பு கொடுப்பது நல்ல வாசல். ஆலோசகர் சொன்ன அந்தக் கற்பனைப் பார்வையாளர்கள் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் காணாமல் போய்விடுகிறார்கள்.


இருவரின் அம்மா எழுதியது:

கணக்கு சார், ரொம்ப நன்றி. இன்று இரவே அவனோடு உட்கார்ந்து "யார் யார் என்ன" என்று கேட்டேன். பதில் சொல்ல முடியாமல் கொஞ்ச நேரம் முழித்தான், அப்புறம் அவனே நோட்டை எடுத்தான்.

இன்னொரு கேள்வி. என் சின்னவள் ஆறாம் வகுப்பு. அவளுக்குத் தலைவியாக இருக்கவே இஷ்டமில்லை. "நான் கூட இருந்து செய்றேன், அது பிடிச்சிருக்கு" என்கிறாள். அதை மாற்ற வேண்டுமா?


ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

மாற்றவே வேண்டாம் அம்மா. எல்லோரும் தலைவராக வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, கூட நின்று வேலை செய்வதை இரண்டாம்தரம் ஆக்கிவிட்டோம். அவள் எப்படிப்பட்ட கூட்டாளி என்று மட்டும் பாருங்கள். சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிக்கிறாளா? தலைவி தவறாகப் போகும்போது "இது சரியில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாளா? இரண்டாவது இருந்தால் அவளைப் பற்றிக் கவலையே வேண்டாம். என் பணிக்காலத்தில் எனக்கு அப்படிச் சொன்ன உதவி ஆசிரியர்கள் இரண்டு பேர்தான். அவர்களால்தான் பல தவறுகளிலிருந்து தப்பித்தேன்.


கணக்கு வாத்தியார் எழுதியது:

மாணவர் மன்றம் பற்றி யாரும் பேசவில்லையே. நிறையப் பள்ளிகளில் மன்றம் இருக்கிறது, ஆனால் ஆண்டுவிழாவில் விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கத்தான் அதைக் கூப்பிடுகிறார்கள். ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஓர் ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளை அவர் பங்கேற்பு என்றே கணக்கில் எடுக்கவில்லை: பிள்ளைகளை நம் காரியத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது. பூங்கொத்து அந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். உச்சிப் படியில் பிள்ளைகள் தனியாக நிற்பதில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். பிள்ளைகள் தொடங்குகிறார்கள், பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். அதுதான் எட்டாவது படி.

தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்வது பிள்ளைகளின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியென்றால் கேட்டுவிட்டு அலமாரியில் வைக்கக்கூடாது. எங்கள் மன்றம் இடைவேளையில் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் மைதானத்தைப் பிரித்துத் தரக் கேட்டது. முடியாது என்றுதான் பதில் வந்தது. ஆனால் எங்கள் தலைமையாசிரியை நேரில் வந்து, ஏன் முடியாது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். பிள்ளைகள் ஏமாந்துதான் போனார்கள், ஆனால் அடுத்த வாரம் வேறு யோசனையோடு வந்தார்கள். பதிலே இல்லாமல் போயிருந்தால் வந்திருக்க மாட்டார்கள்.


ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் சார். ஆனால் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் தோற்கட்டும், கற்கட்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். எதில் தோற்கலாம் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். புத்தகம் தொலையலாம், நிகழ்ச்சி சொதப்பலாம், சார்ட் கோணலாக வரலாம். உடல் பாதுகாப்பு, பணம், இன்னொரு பிள்ளையின் மானம் இந்த மூன்றிலும் பெரியவர் கை விலகக்கூடாது. குழுவுக்குள் ஒருவரைக் கேலிசெய்து ஒதுக்குகிறார்கள் என்றால், "அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்" என்று நிற்காதீர்கள். உள்ளே போங்கள்.


ஏழாம் வகுப்பு டீச்சர் எழுதியது (எட்டு வாரம் கழித்து):

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. செய்து பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்தேன்.

பெயர் எழுதுவதை அடுத்த நாளே நிறுத்தினேன். அந்தப் பையன் மதிய இடைவேளையில் வந்து நின்றான். "நான் என்ன தப்பு பண்ணினேன் டீச்சர்?" என்றான், கண் கலங்கிவிட்டது. உனக்குத் தவறான வேலையைக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். நம்பினானா என்று தெரியவில்லை. இரண்டு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அது எனக்கு வலித்தது.

அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு எரிமலை அன்று அவள் செய்ததைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்போ அழுகையா வந்துச்சு டீச்சர், அதான் ஏதாவது செய்யலாம்னு" என்றாள். முதல் மாதம் குழுவை நடத்த வேண்டாம் என்றாள், சரி என்றேன். இப்போது அவள் முறை வந்திருக்கிறது, ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆறு ஆறு பேராகக் குழு பிரித்து, நூலகப் பொறுப்பாளர் சொன்னதையே எடுத்துக்கொண்டோம். வியாழக்கிழமை கடைசி பீரியட் இரண்டாம் வகுப்புக்கு வாசிப்பு. முதல் வாரம் பெரிய குழப்பம். மூன்று குழுக்கள் ஒரே புத்தகத்துக்குச் சண்டை. ஒரு குட்டிக்கு ஜோடியே இல்லை, பெயரைப் பட்டியலில் விட்டுவிட்டார்கள். அது கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை, நானே போய் மடியில் வைத்து வாசித்தேன். தலைமையாசிரியர் ஐயா சொன்ன கோடு எனக்கு அங்கேதான் இருந்தது. திங்கட்கிழமை கூட்டத்தில் அதை மட்டும் சொன்னேன்: "ஒரு பிள்ளை கதவில் நின்றது." வேறு ஒன்றும் சொல்லாமல் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது வரை எண்ணினேன். அப்புறம்தான் ஒரு பெண் பட்டியலை எடுத்து இரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடலாம் என்றாள்.

போன வாரம் காய்ச்சலால் இரண்டு நாள் விடுப்பு. வியாழன் அதில் ஒன்று. எனக்குப் பதிலாக வந்த ஆசிரியைக்கு இந்த ஏற்பாடே தெரியாது. வெள்ளிக்கிழமை வந்ததும் முதல் வேலையாகக் குழுக்கள் குறிப்பு எழுதும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பையனின் கையெழுத்து. இந்த மூன்று வாரமும் அவன்தான் அவன் குழுவுக்குப் பொறுப்பு. இப்படி எழுதியிருந்தான்:

"இன்று நம் ஆட்கள் இரண்டு பேர் நேரத்துக்கு வரவில்லை. ஒரு ஆளுக்கு இரண்டு குட்டி வைத்துப் படித்தோம். சத்தம் அதிகம். அடுத்த வாரத்தில் இருந்து குழுவுக்கு ஒரு மாற்று ஆள் தயாராக இருக்க வேண்டும். லேட்டாக வருபவர் அன்று படிக்கக்கூடாது."

கீழே ஆறு பேரின் கையெழுத்து. தாமதமாக வந்தவர்களில் அவன் நண்பனும் ஒருவன். அவன் பெயர் அழிபடாமல் இருந்தது. அவனே கையெழுத்தும் போட்டிருந்தான்.

அந்தக் கடைசி விதி எனக்குப் பிடிக்கவில்லை. தாமதமானவருக்காகக் காத்திருக்கிற குட்டிதான் அதில் ஏமாறும். பேனாவைக் கையில் எடுத்தேன், அப்புறம் மூடி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை கூட்டத்தில் ஒரு கேள்வியாகக் கேட்கலாம் என்று இருக்கிறேன். அதற்குள் அவர்களே கண்டுபிடித்துவிட்டாலும் சரிதான். நூலகப் பொறுப்பாளர் அவர்களே, உங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் என்ன முடிவெடுத்தார்கள்?